கோடு நேரான வாரம்

எழுத்தாளர் விண்வெளிக்குப் போனது ஒரு சீலிங் ஃபேனில். அதுவும் அவராக ஆசைப்பட்டு ஏறவில்லை, பிடித்துத் தள்ளிவிட்டார்கள்.

அப்போது அவர் குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்தார். எங்கள் தெருவில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கு, ஏன் வரவில்லை என்று விளக்கி எழுதுவது அவருடைய வேலை. தண்ணீரை வரவழைப்பது வேறு பிரிவு. அது எந்த மாடியில் இருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. நல்ல பதில் என்றால், படித்தவர் கோபம் தணிந்து, ‘அட, பூமிக்கு அடியில் இவ்வளவு நடக்குதா’ என்று வியந்தபடி காலிக் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போக வேண்டும். நடந்துவிட்ட ஒன்றுக்கு, நடந்த பிறகு, நம்பும்படி ஒரு காரணம். அதில் அவரை அடிக்க வாரியத்தில் ஆள் கிடையாது.

வீட்டில் மாமனாருக்கும் அவருக்கும் ஃபேன் விஷயத்தில் தீராத பகை. இவர் ஐந்தில் வைப்பார். மாமனார் எழுந்து வந்து ஒன்றில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போலச் செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விடுவார். இருவருக்கும் நடுவே பேச்சுவார்த்தை என்று இருந்தது ரெகுலேட்டரின் சத்தம் மட்டும்தான். வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்கிறவன் கோபத்தை வாயால் காட்ட முடியாது. எழுதித்தான் ஆற்றிக்கொள்ள வேண்டும். அதை ஒரு குடும்பக் கதையாக எழுதி வாரப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார். எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பத்திரிகையில் ஒரு வழக்கம் இருந்தது. வண்ணப் பக்கங்களை வெளியே ஓர் அச்சகத்தில் முன்கூட்டியே ஓட்டிவிடுவார்கள். எழுத்துப் பக்கங்கள் சொந்த அச்சகத்தில் கடைசி நேரத்தில் ஓடும். ஆகவே படம் முதலில், கதை பிறகு. ஓவியருக்கு இது ரொம்பத் தோதாகப் போயிற்று. கதையைப் படித்தால் கற்பனையைக் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும் என்று சொல்லிக்கொள்வார். உண்மையில் அவருக்குப் படிக்கச் சோம்பல். உதவி ஆசிரியர் கதவில் தலையை மட்டும் நீட்டி ஒரே வரியில் கதையைச் சொல்லிவிட்டுப் போவார். இந்தக் கதைக்குச் சொன்னது: “மாமனார், மருமகன், மேல ஒரு ஃபேன்.”

ஓவியருக்கு அன்று ஏதோ புதுமை செய்ய வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. மேலேயிருந்து, ஃபேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி வரைந்தார். ஃபேன் பக்கத்தை அடைத்துக்கொண்டு பிரம்மாண்டமாக நின்றது. கீழே இரண்டு குட்டி ஆட்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய் வேறு பிளந்திருந்தது. அச்சாகி வந்தபோது, வானத்திலிருந்து எதுவோ இரண்டு அப்பாவிகளின் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. அதை ஃபேன் என்று சொன்னால் பெற்ற தாய்கூட நம்பமாட்டாள்.

பத்திரிகையின் அப்போதைய ஆசிரியர், எல்லோரும் பெரியவர் என்று அழைப்பவர், எழுத்தாளரைக் கூப்பிட்டனுப்பினார். “படம் ஓடிருச்சு தம்பி. இனி கதைதான் அதுக்குப் பின்னாடி ஓடணும்.”

எழுத்தாளர் வாரியத்தின் கேன்டீனில், சாப்பாட்டு இடைவேளையில், ஓர் ஓரமாக உட்கார்ந்து படத்தைப் பார்த்தார். அவருக்கு அது புதிதாகத் தெரியவில்லை. எதிர்பாராத ஒன்று நடந்துவிட்டது. ஏன் என்று எழுத வேண்டும். தினமும் செய்கிற வேலைதான். வேற்றுலக வாகனம் ஒன்று மொட்டைமாடியில் இறங்குகிறது, அதன் வேகத்தை ஐந்திலிருந்து ஒன்றுக்குக் குறைக்கச் சொல்லி மாமனார் வாதாடி ஜெயிக்கிறார் என்று எழுதிக் கொடுத்தார். வாசகர் கடிதங்கள் குவிந்தன. மாமனார் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, வேற்றுலகத்தாரோடு முதலில் பேசிய மனிதன் தான்தான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார். அன்றிலிருந்து ஃபேனை மூன்றில் வைக்கச் சம்மதித்தார்.

இப்படித்தான் எழுத்தாளர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆனார். அப்புறம் வெகுகாலம் இறங்கவே இல்லை.

வாரியத்தில் அவருக்குக் கிரகம் என்று பெயர் விழுந்துவிட்டது. “கிரகம் இன்னிக்கு லீவாம்” என்பார்கள். அவர் கண்டுகொள்ளமாட்டார். வாரம் ஒரு படம் வரும். அவர் காரணம் எழுதுவார். ஓவியர் பென்சிலில் போட்டுப் பார்த்த ஒரு கையை அழிக்க மறந்து, ராணிக்கு மூன்று கைகள் வந்துவிட்டன. மூன்றாவது கை பொய் சொல்லும்போது மட்டும் முளைப்பது என்று எழுதினார். ராணிக்கு ஏகப்பட்ட ரசிகர்கள். கதாநாயகனின் மீசை ஒரு வாரம் இருந்தது, மறு வாரம் இல்லை. அதற்கு ஒரு கதிர்வீச்சு. தேநீர்க் கோப்பையை ஈரத்தோடு படத்தின் மேல் வைத்ததில் ஒரு வளையம் பதிந்தது. அதை ஒரு செத்த சூரியனின் எலும்பு என்று எழுதினார். ஒரு பேராசிரியர் அந்த வளையத்தைப் பற்றி, நாடிழந்தவர்களின் துயரம் என்று நீளமான கட்டுரை எழுதினார். எழுத்தாளர் அதைப் படித்துக் கலங்கிப்போனார். ஓவியர் கோப்பையை மாற்றிக்கொண்டார்.

ஒரு விருதும் கிடைத்தது. உங்கள் கற்பனை எங்கிருந்து வருகிறது என்று மேடையில் கேட்டார்கள். “வெளியிலிருந்து வருகிறது” என்றார் அடக்கமாக. கூட்டம் அதைத் தத்துவமாக எடுத்துக்கொண்டு கை தட்டியது. வெளி அச்சகத்தைத்தான் சொல்கிறார் என்று முதல் வரிசையில் இருந்த ஓவியருக்கு மட்டும் தெரியும். அவர் மேலே ஓடிய ஃபேனை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஆனால் அந்தப் பதிலில் எழுத்தாளருக்கு ஒரு பயம் ஒளிந்திருந்தது. ஓவியர் மகள் கல்யாணத்துக்காக விடுப்பில் போனபோது, படமே இல்லாமல் ஒரு கதை எழுத உட்கார்ந்தார். ‘அந்தக் கிரகத்தில்’ என்று எழுதினார். அந்தக் கிரகத்தில் என்ன? ஒன்றுமில்லை. கேன்டீன் மூடுகிற வரைக்கும் ஒன்றுமே இல்லை. அந்த வாரம் கதைக்குப் பதிலாக விளம்பரம் வந்தது. தனக்குக் கற்பனை என்ற சரக்கு கிடையாது, தனக்குத் தெரிந்ததெல்லாம் அடுத்தவன் கைபோக்கில் போட்ட கோட்டுக்குச் சமாதானம் சொல்வதுதான் என்று அன்று அவருக்குப் புரிந்துபோயிற்று. இதை மனைவியிடம்கூட அவர் சொன்னதில்லை. ஓவியர் இருக்கும்வரைதான் தான் எழுத்தாளர். ஓவியர் எழுந்து போய்விட்டால் மிச்சம் வெறும் வாரியம்.

காலம் போயிற்று. மாமனார் போனார், பெரியவர் போனார். பெரியவரின் மகள் ஆசிரியரானாள்; எல்லோருக்கும் அவள் சின்ன ஆசிரியர். சின்னப் பெண்ணாக அந்த அலுவலகத்து மேசைகளுக்கு அடியில் தவழ்ந்தவள். நல்ல கெட்டிக்காரி, ஆனால் எதையும் ஒரு தடவை தூக்கிப் பார்த்து எடை போடுகிற பழக்கம் உண்டு. கணினியில் படம் போடும் ஓர் இளைஞனின் மாதிரிகள் அவள் மேசையில் கிடப்பதை எழுத்தாளர் பார்த்திருந்தார். அவள் இவரை அங்கிள் என்பாள். ஓவியரையும் அங்கிள் என்பாள். எந்த அங்கிளை முதலில் வீட்டுக்கு அனுப்பலாம் என்று அவள் யோசிப்பதாக இருவருக்கும் ஒரு எண்ணம்.

அந்தச் சமயத்தில்தான் கம்பளிப்பூச்சி வந்தது.

விண்கப்பல் என்று சொல்லித்தான் ஓவியர் படத்தை நீட்டினார். கப்பலின் ஓரமெல்லாம் மயிர்க்கால் சிலிர்த்துக்கொண்டு நின்றது. ஒரு கோடுகூட நேராக இல்லை. எழுத்தாளர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“புது ஸ்டைல்” என்றார் ஓவியர்.

“நல்லாருக்கு” என்றார் எழுத்தாளர்.

ஓவியர் தேநீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்குவதையும், தூக்கும்போது தன் பக்கம் பார்க்காமல் சன்னலைப் பார்ப்பதையும் அவர் கவனித்தார். கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கேன்டீனுக்குப் போனார்.

அன்று அவர் எழுதியது ஒரு கிரகம். அதன் மையத்தில் ஓயாமல் ஏதோ துடித்துக்கொண்டிருக்கிறது. அதனால் தரையும் சுவரும் மனிதர்களும் பிறந்ததிலிருந்து நடுங்கிக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே யாருக்கும் விளிம்பு கிடையாது. முகம் என்று ஒன்றை யாரும் தெளிவாகப் பார்த்ததில்லை. ஒருவரை ஒருவர் நடுக்கத்தின் தாளத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். ஒரு பெண் தன் கணவனை ஆயிரம் பேர் நடுவிலும் கண்டுபிடித்துவிடுவாள், அவன் இடது பக்கம் கொஞ்சம் தாமதமாக நடுங்குவான் என்பதால்.

இப்படியாக, ஓவியரின் கை நடுக்கத்தை ஒரு கிரகத்தின் தலையில் கட்டிவிட்டு எழுத்தாளர் நிம்மதியாகத் தன் மேசைக்குத் திரும்பினார்.

சும்மா சொல்லக் கூடாது, அது அவர் எழுதியதிலேயே உச்சம். பத்திரிகை கடைக்கு வந்த அன்றே தீர்ந்தது. இளவட்டங்கள் கைப்பேசியை உலுக்கிக்கொண்டே படமெடுத்து, நாங்களும் அந்தக் கிரகம்தான் என்று போட்டார்கள். சின்ன ஆசிரியர் கணினி இளைஞனின் மாதிரிகளை இழுப்பறையில் போட்டாள். ஓவியரின் அறைக்கே வந்து, அடுத்த வாரம் நடுக்கத்தை இன்னும் கொஞ்சம் கூட்ட முடியுமா அங்கிள் என்று கேட்டாள்.

“முயற்சி பண்றேம்மா” என்றார் ஓவியர். முயற்சி தேவைப்படவில்லை. அது தானாகவே கூடிக்கொண்டிருந்தது.

மாதங்கள் ஓடின. கை நடுக்கம் கூடக்கூட எழுத்தாளர் கிரகத்தின் துடிப்பைக் கூட்டினார். அவர்கள் இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஓவியர் சட்டைப் பொத்தான்களை விட்டுவிட்டுத் தலைவழியாகப் போடுகிற சட்டைக்கு மாறியதைக்கூட எழுத்தாளர், இந்த நிறம் உனக்கு எடுப்பாக இருக்கிறது என்று சொல்லித் தாண்டிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓவியர் வீட்டில் மதியச் சாப்பாடு. எழுத்தாளரின் மனைவியும் வந்திருந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை, எதையும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு அப்புறம் விட்டுவிடுகிற சுபாவம். ஓவியர் கரண்டியால் குழம்பை எடுத்தார். கரண்டி கிண்ணத்தின் விளிம்பில் தாளம் போட ஆரம்பித்தது. நிற்கவில்லை. சாப்பாட்டு மேசையில் எல்லோரும் திடீரென்று தங்கள் தட்டில் எதையோ தொலைத்தவர்கள் போலக் குனிந்துகொண்டார்கள். ஓவியரின் மருமகள் குழந்தைக்கு வாய் துடைத்தாள். குழந்தை இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்கவில்லை.

“கிரகத்துலேர்ந்து நேரா சாப்பாட்டுக்கு வந்துட்டாரு” என்றார் எழுத்தாளர்.

எல்லோரும் சிரித்தார்கள். ஓவியரும் சிரித்தார். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அதற்கப்புறம் குழம்பே ஊற்றிக்கொள்ளாமல் வெறும் சோற்றைச் சாப்பிட்டார்.

திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில் மனைவி கேட்டாள், “எவ்வளவு நாளா இப்படி?”

கிரகக் கதை தொடங்கியதிலிருந்து என்றார் எழுத்தாளர்.

“ஏங்க, ஒரு கிரகத்தையே நடுங்க வெச்சிருக்கீங்க. அதுக்குப் பதிலா ஒரு ஆட்டோ வெச்சு அவரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கலாமே.”

எந்தப் புகாருக்கும் பதில் வைத்திருக்கிறவர் எழுத்தாளர். அவருக்குச் சத்தியமாக அது தோன்றவே இல்லை. பழுதைப் பார்த்ததும் காரணம் தோன்றியது. காரணம் அழகாக இருந்தது. அழகாக இருந்ததால் பழுது மறந்துபோயிற்று. வாரியத்திலும் அப்படித்தான். நல்ல விளக்கம் கிடைத்துவிட்ட தெருவுக்கு யாரும் குழாய் மாற்றிப் பார்த்ததில்லை. அந்தத் தெருக்களிலெல்லாம் ஜனங்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அன்று பேருந்தில் நின்றுகொண்டே முதல் முறையாக யோசித்தார்.

மறுநாள் மதியம் கேன்டீனுக்குப் போகவில்லை. பத்திரிகை அலுவலகத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்த ஓவியரின் அறைக்குப் போனார்.

“கை நடுங்குது, ஓவியரே.”

ஓவியர் தூரிகையைத் தண்ணீர்க் குவளையில் போட்டார். போடும்போது அது விளிம்பில் கிணுகிணுத்தது.

“யாருக்கு?”

“உனக்கு.”

“எப்பக் கண்டுபிடிச்ச?”

“அந்தக் கம்பளிப்பூச்சிக் கப்பல்லயே.”

ஓவியர் குவளையைப் பார்த்தார். அதில் நீலம் மெல்லக் கரைந்து பரவிக்கொண்டிருந்தது. “அப்ப கிரகம்?”

“கிரகம் அதுக்கப்புறம்.”

“நான் என்னவோ, என் கோட்டைப் பாத்து உனக்கு ஒரு உலகமே தோணிருச்சுன்னு நினைச்சுட்டிருந்தேன்யா” என்றார் ஓவியர். “கை போனா என்ன, நம்மகிட்ட இன்னும் சரக்கு இருக்குன்னு தைரியமா இருந்தேன். நீ புகாருக்குப் பதில் எழுதிட்டு இருந்திருக்க.”

ஓவியர் குவளையிலிருந்து தூரிகையை எடுத்துத் துணியில் துடைத்தார்.

“யாரைக் காப்பாத்த எழுதின? என்னையா, உன்னையா?”

இருவரையும்தான் என்று ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது. வாரியத்துப் பதில், படித்தவர் சமாதானமாகிப் போய்விடுவார். அதை விழுங்கிவிட்டு, “என்னைத்தான்” என்றார். “நீ போயிட்டா எனக்கு எழுதத் தெரியாது. ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்.”

ஓவியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருப்பவர் மாதிரி இருந்தது அவர் முகம். கடைசியில், “அதையாவது நேராச் சொன்னியே” என்றார். “இந்த ரூம்ல நேரா வந்த ஒண்ணு இது மட்டுந்தான்.” பிறகு மெல்ல, தனியாகப் போக மாட்டேன், ஊசி என்றால் எனக்கு ஆகாது என்றும் சொன்னார்.

டாக்டர் இளைஞர். ஓவியரின் விரல்களை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார், நடக்கவிட்டுப் பார்த்தார். அப்புறம் ஒரு தாளைக் கொடுத்து, நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றி வருகிற மாதிரி ஒரு சுருள் போடச் சொன்னார். ஓவியர் போட்டார். டாக்டர் தாளை வெளிச்சத்தில் பிடித்து ஆச்சரியமாகப் பார்த்தார்.

“இதே மாதிரி ஒரு கிரகம் வாரா வாரம் வருது சார். படிச்சிருக்கீங்களா?”

“நான் படிக்கிறதில்லை” என்றார் ஓவியர். அது உண்மை.

பயப்படும்படியான வியாதி எதுவும் இல்லை, வெறும் நடுக்கம்தான், ஊசி வேண்டாம், மாத்திரையில் நன்றாகக் குறையும், ஆனால் முழுக்கப் போய்விடும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்றும் கேட்டார். ஓவியர் எழுத்தாளரைப் பார்த்தார். எழுத்தாளர் சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தைப் பார்த்தார்.

மாத்திரை பிடிக்கச் சில வாரங்கள் ஆயின. அதுவரை கிரகம் வழக்கம்போல நடுங்கியது. பிறகு ஒரு காலையில் ஓவியர் வாரியத்துக்கே வந்துவிட்டார். அந்தக் கட்டடத்தில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. புகார் கொடுக்க வந்தவர்களின் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் சன்னல் வழியாகப் படத்தை உள்ளே தள்ளினார்.

ஒரு செங்கல் வீட்டின் வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். கல்லுக்குக் கல் கோடு. கதவின் கீல், பூட்டின் துளை, அவள் நெற்றியில் விழுந்த ஒவ்வொரு மயிரும் தனித்தனி. கிரகத்தின் ஆட்களில் முதன்முதலாக ஒருத்திக்கு முகம் வந்திருந்தது.

“இதுக்கு என்ன காரணம் சொல்லப் போற?” என்றார் ஓவியர், வாயெல்லாம் பல்லாக.

எழுத்தாளர் கோப்புகளை ஒதுக்கிவிட்டுப் படத்தை மேசைமேல் விரித்தார். வரிசையில் பின்னால் நின்றவர், ஐயா எங்க தெருவுலயும் தண்ணி வரல, கொஞ்சம் பாருங்க என்றார்.

சின்ன ஆசிரியர் படத்தைத் தூக்கிப் பார்த்தாள். பிரமாதம் என்றாள். அப்புறம், “அங்கிள், நடுக்கம் எங்க?” என்றாள்.

இனி இப்படித்தான் என்று எழுத்தாளர் இழுத்தார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். வாசகர்கள் காத்திருப்பது நடுக்கத்துக்கு, அடுத்த மாதம் அட்டைப்படமே அதுதான் என்றாள். ஓவியருக்கு அலுத்துப்போயிருந்தால் ஓய்வெடுத்துக்கொள்ளட்டும். அந்தக் கணினி இளைஞனிடம் நடுக்கத்துக்கென்றே ஒரு பட்டன் இருக்கிறதாம். இதை அவள் வெடுக்கென்று சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னாள். அதனால் இன்னும் மோசமாக இருந்தது.

மாடிப்படியில் இறங்கும்போது ஓவியர் கைப்பிடியைத் தடவிக்கொண்டே வந்தார். கடைசிப் படியில் நின்று, “ஒண்ணு செய்யலாம்” என்றார். “வரையற அன்னிக்கு மட்டும் மாத்திரையை விட்டுர்றேன்.”

தேநீரில் சர்க்கரை வேண்டாம் என்கிற மாதிரி அதைச் சொன்னார். இதுவரை கையை மறைக்க ஒரு கிரகம் தேவைப்பட்டது. இப்போது அந்தக் கிரகத்துக்கு இவருடைய கை தேவைப்படுகிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டது யார் என்று எழுத்தாளர் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

“மாத்திரையை விட்டா நான் எழுதமாட்டேன்” என்றார்.

“எழுதலேன்னா வாரியந்தான்.”

“வாரியந்தான்.”

அன்று மதியம் அவர் எழுதியது இதுதான். ஒரு காலையில் கிரகத்தின் துடிப்பு நின்றுவிடுகிறது. ஏன் நின்றது என்று அவர் எழுதவில்லை; வாழ்க்கையில் முதல் முறையாக ஒன்றுக்குக் காரணம் சொல்லாமல் விட்டார். வீடுகளுக்கு விளிம்பு வருகிறது. ஜனங்கள் தெருவுக்கு வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். பாதிப் பேர் அழுகிறார்கள். மீதிப் பேருக்குத் தாங்கள் நினைத்த அளவுக்கு யாரும் அழகாக இல்லை என்று மனவருத்தம். வாசலில் நின்ற பெண் தன் கணவனைத் தேடுகிறாள். தாளம் இல்லாததால் அவனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. எல்லோரும் அசையாமல் நிற்கிறார்கள், எல்லோரும் அந்நியர்கள். கடைசியில் ஒருவன் அவள் பக்கத்தில் வந்து, நான்தான் என்கிறான். அவள் நம்பி ஏற்றுக்கொண்டு உள்ளே கூட்டிப்போகிறாள். முற்றும்.

சின்ன ஆசிரியர் நின்றுகொண்டே படித்து முடித்தாள். நல்லா இருக்கு, ஆனால் அடுத்த வாரம் மறுபடி நடுங்க வைத்துவிடலாம் இல்லையா என்றாள்.

எழுத்தாளர் மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஓவியர், கதவோரம் நின்றவர், முன்னால் வந்து இரண்டு கைகளையும் அவள் மேசைமேல் வைத்தார். மாத்திரை போட்டும் சுண்டு விரலில் மட்டும் இலேசாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

“அது என் கைம்மா” என்றார். “கிரகமெல்லாம் இவன் சொன்ன சமாதானம்.”

அவள் அந்தச் சுண்டு விரலைப் பார்த்தாள். “ஏன் அங்கிள் எங்கிட்ட சொல்லல?”

“கூட்ட முடியுமான்னு கேட்ட. நான் என்னத்தச் சொல்ல?”

அவள் மேசையிலிருந்த தாள்களை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னாள், “இது இப்படியே போகட்டும். வேற ஒரு தொடர் ஆரம்பிங்க, ரெண்டு பேருமே. ஆனா இந்தத் தடவை எனக்குக் கதைதான் முதல்ல வேணும். படமும் கதையும் இப்ப ஒண்ணாத்தானே அச்சாகுது? எதுக்கு இன்னும் படத்தை முன்னாடி போடுறீங்க?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளி அச்சகம் இழுத்து மூடி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அந்த வழக்கத்துக்கு இப்போது காரணமே இல்லை என்பது காரணம் சொல்லியே பிழைத்தவருக்கு இதுவரை எட்டியிருக்கவில்லை.

கிரகம் ஏன் நின்றது என்று கேட்டு மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் வந்தன. எழுத்தாளர் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் போட்டார்: தெரியவில்லை. வாரியத்திலும் ஒரு சில புகார்களுக்கு அப்படியே எழுதிப் பார்த்தார். அவரைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். ஆனால் அந்த வாரம், எந்த மாடியிலோ இருந்த அந்தப் பிரிவிலிருந்து ஒருவர் இறங்கி வந்து, எந்தத் தெரு அது என்று விசாரித்துவிட்டுப் போனார்.

புதுக் கதைக்காகக் கேன்டீனில் உட்கார்ந்தார். வெள்ளைத் தாள். ‘அந்தக் கிரகத்தில்’ என்று எழுதி அடித்தார். தட்டில் சோறு ஆறிப்போயிற்று. பக்கத்து மேசையில் யாரோ எழுந்து போய் ஃபேனை ஐந்தில் வைத்தார்கள். இன்னொருவர் எழுந்து போய் ஒன்றில் வைத்தார். எழுத்தாளர் ரெகுலேட்டரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு எழுதினார்: ஒரு வீடு. ஒரு மாமனார். ஒரு மருமகன். மேலே ஒரு ஃபேன்.

அவர் முதன்முதலில் எழுதி, ஒருபோதும் அச்சாகாத குடும்பக் கதை அது. இந்தத் தடவை மாமனார் மேல் கோபம் வரவில்லை. ஃபேன் ஒன்றில் ஓடினால்தான் பக்கத்து அறையில் மகள் பேசுவது காதில் விழும் என்பதற்காக அந்த மனிதர் எழுந்து எழுந்து வந்தாரோ என்று ஒரு வரி தானாக வந்து விழுந்தது. எந்தப் படத்திலும் இல்லாத வரி. எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓவியர் படிக்க வேண்டுமா என்று முனகினார். கண்ணாடியைத் தேடி எடுத்து, உதட்டை அசைத்து அசைத்து, ஒரு காலைப்பொழுது முழுக்கப் படித்தார். முடித்துவிட்டு, “இத்தனை வருஷமா நீ இப்படியா எழுதிட்டிருந்த?” என்றார். பாராட்டா திட்டா என்று தெரியவில்லை. எழுத்தாளர் கேட்கவும் இல்லை.

மறுநாள் காலை, கை நன்றாக இருக்கும் நேரத்தில் போட்ட படம் வந்தது. கூரை, கூரையில் ஒரு ஃபேன், கீழே நாற்காலியில் செய்தித்தாளோடு மாமனார். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய அளவில் இருந்தன.

எழுத்தாளருக்கு எங்கோ சப்பென்று ஆயிற்று. “ஃபேன் மாதிரியே இருக்கு” என்றார்.

“ஃபேன்தானே எழுதிருக்க?”

அதுவும் சரிதான். படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மூன்று இறக்கைகள். இரண்டு நேர்த்தியாக இருந்தன. மூன்றாவதின் ஓரத்தில், சுண்டு விரல் அளவுக்கு, கோடு இலேசாகச் சிலிர்த்திருந்தது.

“இது ஏன் இப்படி?”

ஓவியர் குனிந்து பார்த்தார். “அது கை. விட்டுரு. அடிச்சுட்டு வேற போடுறேன்.”

“இரு, இரு” என்றார் எழுத்தாளர். அவர் கை அதற்குள் சட்டைப் பையில் பேனாவைத் துழாவிக்கொண்டிருந்தது.